எம்ஓயு, மாணவர் பரிமாற்றம், வெளிநாட்டுக் கிளை, கூட்டு முனைவர் பட்டம்: பல்கலைக்கழகம் எதில் பணம் போடலாம்?

ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் பல வருடம் கோப்பு பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, இரண்டு மூன்று ஊழியர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும், எதில் இறங்குவது? என் பதில் கூட்டு முனைவர் பட்டம். ஏன் என்பது மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. நாலு பக்கம், இரண்டு துணைவேந்தர் கையெழுத்து, பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் ஒரு தீர்மானம், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலமாரியில் இருந்த எம்ஓயுக்களை எல்லாம் இறக்கி வைத்து, ஒவ்வொரு துறைக்கும் ஃபோன் போட்டு "கடைசி ஒரு வருடத்தில் இதில் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டேன். நடந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவை எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது: கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்தப் பக்கப் பேராசிரியரும் அந்தப் பக்கப் பேராசிரியரும் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் இருந்தால் எம்ஓயு போடுங்கள், விசாவுக்கும் நிதி விண்ணப்பத்துக்கும் அது உதவும். இல்லையென்றால் அந்த நேரத்தில் உங்கள் ஆசிரியர்களை ஸ்பார்க் போன்ற திட்டங்களுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். மத்திய அரசு 2018-இல் 418 கோடி ரூபாயில், 600 கூட்டு ஆய்வுகளை இலக்காக வைத்துத் தொடங்கிய திட்டம் அது. ஆய்வுக் கேள்வியையும் ஆளையும் முதலில் கேட்கிறது என்பதே எனக்கு அதில் பிடித்தது.

அடுத்தது மாணவர் பரிமாற்றம். மனதளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஒரு செமஸ்டர் வெளியே போய்வந்த பிள்ளைகள் வகுப்பில் கேள்வி கேட்கும் விதமே மாறிவிடுகிறது. ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் இன்றும் நிற்கிறது என்றால் காரணம், போன இடத்தில் எடுத்த கிரெடிட், அதாவது பாடத்தின் எடைப் புள்ளி, சொந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லும் என்ற உறுதிதான். நம் ஊரில் சறுக்குவது சரியாக அந்த இடத்தில்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனிக்குப் போய்வந்த ஒரு மாணவி மதிப்பெண் தாளைத் தேர்வுப் பிரிவில் கொடுத்தாள். ஒரு பாடத்தில் 1.3. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, ஆக 1.3 என்பது அருமையான மதிப்பெண். நம் மென்பொருளுக்குப் பத்துக்கு 1.3 என்றால் அரியர். அந்தப் பாடத்துக்கு 6 கிரெடிட் என்றும் போட்டிருந்தது, நம் பாடத்துக்கோ 4. ஐரோப்பியக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், நம்மிடம் சுமார் 40, அதனால் ஆறும் நாலும் ஒரே எடைதான். இதை எழுத்தில் ஏற்றுக்கொண்ட விதி எங்களிடம் இல்லாததால் கோப்பு மேலும் கீழும் அலைந்தது, அந்தப் பெண் வளாக நேர்காணலுக்கு அரியர் காட்டும் தாளோடு போய் உட்கார்ந்தாள். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. நாட்காட்டியும் ஒத்துவராது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை வகுப்பு, அப்புறம் தேர்வு. அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். மாணவர் பரிமாற்றம்தான் வேண்டும் என்றால் விமான டிக்கெட்டுக்கு நிதி தேடுவதற்கு முன்னால் கிரெடிட் மாற்று அட்டவணையைக் கல்விக் குழுவில் நிறைவேற்றிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கிளையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஐஐடி மெட்ராஸ் 2023-இல் சான்சிபாரில் வளாகம் திறந்தது, நாட்டுக்கு வெளியே அமைந்த முதல் ஐஐடி வளாகம் அதுதான். பெருமைதான், அந்தப் பெயருக்கு அது முடியும். ஆனால் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007-இல் சிங்கப்பூரில் திறந்த கிளை, எதிர்பார்த்த அளவு மாணவர் சேராமல் ஒரே செமஸ்டரில் மூடப்பட்டது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2003-இலிருந்து கத்தாரில் நடத்தும் வளாகத்தை 2028-க்குள் மூடுவதென்று அதன் நிர்வாகக் குழு 2024-இல் தீர்மானித்தது. இருபது வருடம் ஓடிய கிளைக்கே அந்த நிலை. சொந்த ஊரில் ஆய்வகத்துக்கு ஏசி பழுது பார்க்கப் பணம் இல்லாத பல்கலைக்கழகம் இந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

சரி, கூட்டு முனைவர் பட்டம். ஒரு மாணவர், இரண்டு நெறியாளர்கள், ஒரே ஆய்வேடு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி இரண்டு இடத்திலும் குறைந்தது ஒரு செமஸ்டர் இருக்க வேண்டும். நம் பக்கம் தர மதிப்பீட்டு அமைப்பான நாக் தரும் மதிப்பு குறைந்தது 3.01, அல்லது தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் 100, இல்லையென்றால் உயர் சிறப்பு நிறுவனம் என்ற தகுதி வேண்டும், அந்தப் பக்கம் க்யூஎஸ் அல்லது டைம்ஸ் வெளியிடும் உலகத் தரவரிசைப் பட்டியலில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும். இந்த விதிகளின்படி வாங்கிய பட்டத்துக்குத் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று தனியாகச் சமநிலைச் சான்று வாங்க அலையவும் வேண்டாம். ஐஐடி பாம்பேயும் ஆஸ்திரேலியாவின் மொனாஷும் 2008-இல் இதற்கென்றே ஓர் ஆய்வு அகாடமி அமைத்து இன்றுவரை நடத்துகின்றன.

இது ஏன் மேல் என்றால், இரண்டு நெறியாளர்களும் மாணவருக்காகவே மூன்று நாலு வருடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. துணைவேந்தர் மாறினாலும் ஆய்வு நிற்காது. மாணவர் அங்கே கற்ற கருவியை இங்கே கொண்டுவந்து தன் இளையவர்களுக்குக் காட்டுவார். 1959-இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு ஐஐடி மெட்ராஸ் எழுந்தபோதும், 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் ஐஐடி கான்பூரோடு நின்றபோதும் கருவிகளோடு ஆட்களும் வந்தார்கள், இங்கிருந்தும் ஆட்கள் போனார்கள். நின்று நிலைத்தது அந்த ஆட்களால்தான் என்பது என் கணிப்பு.

குறை இல்லாமல் இல்லை. எண்ணிக்கை சிறியது, வருடத்துக்கு நாலைந்து பேர் சேர்ந்தாலே பெரிது, அறிக்கையில் போட அழகாக இருக்காது. ஒப்பந்தம் எழுதவும் நாள் பிடிக்கும். ஆனால் நான்கு விஷயங்களை முதல் மாணவர் பதிவு செய்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்: எந்தப் பக்கம் கட்டணம், வைவா என்ற வாய்மொழித் தேர்வு யார் விதிப்படி, காப்புரிமை யாருக்கு, வெளிநாட்டில் தங்கும் காலம் நீண்டால் உதவித்தொகையை யார் தருவது. கடைசி கேள்வியை நாங்கள் விட்டுவிட்டோம். ஆய்வகக் கருவி பழுதாகி இரண்டு மாதம் கூடுதலாக அங்கே தங்க வேண்டிவந்த ஒரு மாணவருக்கு, இரண்டு அலுவலகமும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், வாடகை கட்டியது அவருடைய இரண்டு நெறியாளர்கள், தங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து.