பிரெஞ்சு ஓபன் டிக்கெட்டை மறுவிற்பனைத் தளத்தில் வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

2025 மே மாத இறுதியில், பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் போட்டியின் முதல் வார ஆட்டங்களைப் பார்ப்பதற்காக நானும் என் தங்கையும் பாரிஸ் சென்றிருந்தோம். முதன்மை அரங்கான பிலிப் ஷாட்ரியேயின் பகல் ஆட்டங்களுக்கு இரண்டு டிக்கெட்டுகளை 460 யூரோ கொடுத்து வாங்கியிருந்தும், போட்டி நடக்கும் ரோலான் காரோஸ் வளாகத்துக்குள் ஓர் அடிகூட வைக்க முடியாமல் திரும்பினோம்.

தேடுபொறியில் முதலாவதாக வந்து நின்ற தளத்தில்தான் வாங்கினோம். அது விளம்பரம் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. செங்கல் நிறப் பின்னணியும், ஆட்டக்களத்தின் படமும், 'நூறு சதவீத உத்தரவாதம்' என்ற வாசகமுமாக, போட்டியை நடத்துபவர்களின் தளம் என்றே நம்பும்படி இருந்தது. எங்கள் இருவரின் பெயரையும் கேட்காமலேயே அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏனெனில் இந்தப் போட்டியின் டிக்கெட் ஒவ்வொன்றும் பார்வையாளரின் பெயரில் வழங்கப்படுவது. கைப்பேசியில் போட்டியின் செயலியைத் திறந்து காட்ட வேண்டியது. வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடப்படுவது.

ஆட்டத்துக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குத்தான் மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வந்தது. மறுநாள் காலை ஒன்பதாம் எண் மெட்ரோவில் மிஷேலாஞ்ஜ் மொலித்தோர் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு நடந்து வரிசையில் நின்றோம். காவலர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. செயலியைத் திறக்கச் சொன்னார். இல்லை என்றதும், தாளின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டி, பிறகு என் கடவுச்சீட்டைக் காட்டினார். அந்தப் பெயருக்குரியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காவலர் மீது எனக்கு வருத்தமில்லை. அன்று காலையில் மட்டும் எத்தனை பேருக்கு அதே பதிலைச் சொன்னாரோ!

வளாகத்தை ஒட்டியிருக்கும் ஒத்தேய் தாவரத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தோம். 2019இல் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே, கண்ணாடிப் பசுமைக்குடில்கள் சூழக் கட்டப்பட்ட சிமோன் மத்தியூ அரங்கிலிருந்து கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. யார் ஆடுகிறார்கள் என்பதைத் தங்கை கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, டிக்கெட்டைக் குறித்த நேரத்துக்குள் அனுப்பிவிட்டதால் உத்தரவாதம் நிறைவேறிவிட்டது என்றும், உள்ளே அனுமதிக்கப்படுவது வாங்குபவரின் பொறுப்பு என்றும் பதில் வந்தது. பிரான்சில் அமைப்பாளரின் அனுமதியின்றி டிக்கெட்டுகளை வழக்கமாக மறுவிற்பனை செய்வது 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி 15,000 யூரோ வரை அபராதத்துக்குரிய குற்றம். ஆனால் அந்தத் தளத்தின் முகவரி பிரான்சிலேயே இல்லை.

போக முடியாதவர்கள் தங்கள் டிக்கெட்டைத் திருப்பி விற்பதற்குப் போட்டியின் சொந்தத் தளத்திலேயே மறுவிற்பனைப் பகுதி இருக்கிறது. அங்கு வாங்கினால் டிக்கெட் உங்கள் பெயருக்கே மாறிவிடும். பெரிய அரங்கு கிடைக்காவிட்டால், வெளிக்களங்கள் எனப்படும் சிறிய ஆட்டக்களங்களுக்கான டிக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவு ஆட்டங்களையும் அங்கே மிக அருகிலிருந்து பார்க்கலாம். நானும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

கடன் அட்டை வங்கியிடம் புகார் கொடுத்து, பெயர் மாறியிருந்த அந்தத் தாளையும் கடவுச்சீட்டின் நகலையும் இணைத்த பிறகு, மூன்றாவது மாதத்தில் 230 யூரோ திரும்பி வந்தது. மீதிப் பாதி இன்னும் வரவில்லை.