தொழிற்சாலையா, மணியார்டரா, நிக்கலா?

மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பான்யோஸ் என்று ஓர் ஊர். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1966-இல் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்டது அந்த நிலையம்தான், நம் பக்கத்து வயல்களில் "ஐ.ஆர். எட்டு" என்று பேர் வாங்கிய அதே நெல். எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். ஆசியாவுக்கே நெல் சொல்லிக்கொடுத்த நிலையம் இருக்கும் பிலிப்பைன்ஸ், இன்று உலகில் மிக அதிகமாக அரிசி வாங்கும் நாடுகளில் ஒன்று. பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? வியட்நாமிலிருந்து. 1980-களில் தன் மக்களுக்கே சோறு போட முடியாமல் தவித்த நாடு அது.

எப்படி இப்படி இடம் மாறியது என்று பார்க்கப் போனால் மூன்றாவதாக இந்தோனேசியாவையும் பக்கத்தில் வைக்கவேண்டியிருக்கிறது. மூன்றும் பெரிய நாடுகள்: வியட்நாமில் 10 கோடிப் பேர், பிலிப்பைன்ஸில் 11 கோடிக்கு மேல், இந்தோனேசியாவில் ஏறக்குறைய 28 கோடி. (சிங்கப்பூரை இந்தப் பேச்சில் இழுப்பதில் அர்த்தமில்லை. அது ஒரு நகரம். வயல் இல்லை, கிராமம் இல்லை.) மூன்றும் பிழைக்க மூன்று வழி பிடித்தன. வியட்நாம் வெளிநாட்டுக் கம்பெனிகளை உள்ளே அழைத்தது. பிலிப்பைன்ஸ் தன் ஆட்களை வெளியே அனுப்பியது. இந்தோனேசியா மண்ணுக்கடியில் இருப்பதைப் பூட்டிவைத்து, "வேண்டுமானால் இங்கே வந்து உருக்கு" என்றது.

ஜி.டி.பி. வளர்ச்சி விகிதத்தை வரிசையாகப் போட்டு யார் முதலிடம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை குறைவு. வரும் பணத்தில் எவ்வளவு உள்ளூர்க் கையில் ஒட்டுகிறது, அந்தக் கை அடுத்த வேலைக்குப் பழகுகிறதா என்று பார்க்கவே விரும்புகிறேன்.

ஒரே ஆண்டு, இரண்டு நிலச் சீர்திருத்தம்

சாம்சங் வந்தது, வியட்நாம் எழுந்தது என்பார்கள். ஆனால் பாக் நின் மாகாணத்தில் சாம்சங் போன் செய்யத் தொடங்கியது 2009-இல்தான். விஷயம் அதற்கு இருபது ஆண்டு முன்பே வயலில் ஆரம்பித்துவிட்டது. 1986-இல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டிய நிலையில் கம்யூனிஸ்ட் கட்சி 'தோய் மோய்' சீர்திருத்தத்தை அறிவித்தது. 1988 ஏப்ரலில் வந்த 10-ஆம் எண் தீர்மானம் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. அந்த ஆண்டின் முற்பகுதியில் வடக்கே பஞ்சம். மறு ஆண்டே பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி! மண் அதே, ஆள் அதே. விளைந்தது யாருக்கு என்பது மாறியது. விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் சேர்ந்துகொண்டது. 1993-இல் வந்த நிலச் சட்டம், அந்தப் பாத்தியதையை மாற்றவும் அடமானம் வைக்கவும் வழிசெய்தது. நிலம் இன்றும் பேருக்கு அரசுடையதுதான்.

அதே 1988, ஜூன் மாதம். பிலிப்பைன்ஸில் அதிபர் கொரசோன் அக்கினோ நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்தில் ஒரு சந்து இருந்தது: நிலத்தைப் பிரிப்பதற்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குகளைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தாலும் போதும். தார்லாக் மாகாணத்தில் ஹசியெண்டா லுயிசிட்டா என்ற 6,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட கரும்புத் தோட்டம் அந்தச் சந்தில் நுழைந்தது. அது அதிபரின் பிறந்தவீட்டுச் சொத்து. 2004-இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2011 ஆகிவிட்டது. மற்ற இடங்களில் நிலம் கைமாறவே இல்லை என்று சொல்ல வரவில்லை, நிறையவே மாறியது. ஆனால் பத்திரம் வருவதற்குள் ஒரு தலைமுறை கழிந்தது. நிலம் கிடைத்தவனுக்குத் தண்ணீரும் கடனும் பல இடங்களில் கூடவே வரவில்லை.

அதே 1988-இல்தான் அக்கினோ ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோப் பெண்களிடம் பேசும்போது "புதிய வீராங்கனைகள்" என்ற பொருளில் அவர்களைப் புகழ்ந்தார். நிலம் கொடுக்க முடியாத அரசு பட்டம் கொடுத்தது என்று சொன்னால் கடுமையாக இருக்கும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நிலத்துக்கு அடுத்தது பள்ளிக்கூடம். 2012-இல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான பீசா என்ற சர்வதேசத் தேர்வில் முதல்முறை கலந்துகொண்ட வியட்நாம், கணக்கிலும் அறிவியலிலும் அமெரிக்காவையும் பிரிட்டனையும் தாண்டியது. பிலிப்பைன்ஸ் 2018-இல் முதல்முறை எழுதியபோது, 79 நாடுகளில் வாசிப்பில் கடைசி. கரன்ட் கதையும் ஏறக்குறைய இதேதான். தெற்கையும் வடக்கையும் இணைக்கும் ஏறத்தாழ 1,500 கி.மீ. நீள 500 கிலோவோல்ட் கம்பியை வியட்நாம் இரண்டே ஆண்டில் இழுத்து 1994-இல் முடித்தது. 1990-களின் தொடக்கத்தில் மணிலாவில் நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம் மின்வெட்டு. அக்கினோவுக்கு முந்தைய அதிபர் மார்கோஸ் காலத்தில் 200 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய பட்டான் அணுமின் நிலையமோ ஒரு யூனிட்கூடத் தரவில்லை. கடன் மட்டும் நின்றது.

ஆக, சாம்சங் கதவைத் தட்டியபோது வியட்நாம் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் படித்திருந்தார்கள், சோற்றுக்குப் பயமில்லை. 2020 வாக்கில் வியட்நாமின் தலா வருமானம் பிலிப்பைன்ஸைத் தாண்டியதற்குத் தொழிற்சாலையை மட்டும் காரணம் சொல்கிறவர்கள் இந்த முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மணியார்டரைக் கேலி செய்ய முடியாது

வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளையும், அதில் படித்து வந்த பிள்ளைகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு, பிலிப்பைன்ஸின் வழியைக் கேலி செய்ய வாய் வராது. 1974-இல் மார்கோஸ் அரசின் தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசின் திட்டமாகவே ஆக்கியது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்குத் தற்காலிக மருந்து என்றுதான் நினைத்தார்கள். ஐம்பது ஆண்டு ஆயிற்று. 2024-இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் அனுப்பிய பணம் 3,400 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டு வருமானத்தில் சுமார் எட்டு சதவீதம்.

இந்தப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு: வீட்டில் கஷ்டம் என்றால் குறையாது. 2020-இல் கொரோனாவால் பிலிப்பைன்ஸ் பொருளாதாரம் ஒன்பது சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வெளியிலிருந்து வந்த பணமோ ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. கப்பல் மாலுமியும் ரியாத் நர்ஸும் தன் வயிற்றைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்தத் தொழிற்சாலையும் இப்படிச் செய்யாது. ஆர்டர் நின்றால் கேட்டைப் பூட்டிவிடும்.

கையில் நன்றாகவே ஒட்டுகிறது, சரி. அடுத்த வேலைக்குப் பழக்குகிறதா? அங்கேதான் இடிக்கிறது. பணம் வீட்டுமனையாகவும் ஷாப்பிங் மாலாகவும் இறக்குமதிச் சாமானாகவும் மாறுகிறது. டாலர் தானாக வந்துகொண்டிருப்பதால், ஏற்றுமதிக்கு வழிசெய்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி அரசுக்கு வரவில்லை. மணிலாவில் மின்கட்டணம் ஆசியாவின் அதிகமான கட்டணங்களில் ஒன்று. 1987 அரசியல் சட்டம் நிலம், பொதுச்சேவைகள் போன்றவற்றில் வெளிநாட்டார் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. தொலைத்தொடர்பு, விமானம் போன்ற துறைகளுக்கு அந்தக் கட்டைத் தளர்த்தியது 2022-இல்தான். அதுவரை உள்ளூர்ப் பணக்காரக் குடும்பங்கள் போட்டியில்லாமல் சம்பாதித்தன. தேசியத்தின் பேரில் போட்ட வேலி யாருடைய தோட்டத்தைக் காத்தது என்று கேட்டால் சங்கடமான பதில்தான் வரும்.

கால் சென்டர் தொழில் ஒரு விதிவிலக்கு. 2010-ஐ ஒட்டி, தொலைபேசியில் பேசும் வேலையில் இந்தியாவையே பிலிப்பைன்ஸ் முந்தியது. 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள், விமானம் ஏறாமலே டாலர் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அதற்கு நல்ல ஆங்கிலம் வேண்டும். லுயிசிட்டாவில் கரும்பு வெட்டுகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைக்கப்போகும் வேலைகளில் இதுவும் ஒன்று.

வியட்நாமின் ஓட்டைப் பானை

அப்படியானால் வியட்நாம் ஜெயித்துவிட்டதா? 2024-இல் அதன் ஏற்றுமதி 40,000 கோடி டாலரைத் தாண்டியது. மூன்று நாடுகளிலும் இதுதான் பெரிய கணக்கு. அதில் எழுபது சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுக் கம்பெனிகளுடையது. திரையும் சிப்பும் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. பாக் நின், தாய் ஙுயென் மாகாணங்களில் பூட்டப்பட்டு வெளியே போகின்றன. உள்ளூர்க் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் மாதிரியான வேலைகள். ஒட்டுவது சம்பளம் மட்டும். அது லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் போகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த வழியில் இன்னொரு அபாயம், வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தே வாழவேண்டும். 2024-இல் அமெரிக்காவுடனான வர்த்தகத்தில் வியட்நாம் பக்கம் 12,000 கோடி டாலருக்கு மேல் உபரி. அந்த உபரியே வினையானது. 2025 ஏப்ரலில் டிரம்ப் 46 சதவீத வரி அறிவித்தார்; ஜூலையில் 20 என்று இறங்கியது, வேறு நாட்டுச் சரக்கு வியட்நாம் வழியாக வந்தால் 40. சீனப் பாகத்தை எவ்வளவு மாற்றினால் அது வியட்நாம் பொருள் ஆகும் என்ற கேள்வி அதன் மர்மஸ்தானத்தில் குத்தியது.

2023 மே, ஜூனில் வறட்சியால் வடக்கே நீர்மின் அணைகள் வற்றியபோது பாக் நின் தொழிற்பேட்டைகளிலும் கரன்ட் போனது. பதிலுக்கு 519 கி.மீ. புதிய மின்கம்பியை ஏறக்குறைய ஆறே மாதத்தில் இழுத்து 2024 ஆகஸ்ட்டில் திறந்துவிட்டார்கள். இந்த வேகம் பொறாமைப்படத்தக்கது. ஆனால் நாடு கிழடாகிக்கொண்டும் வருகிறது. இரண்டு பிள்ளைக்கு மேல் கூடாது என்ற விதியை 2025-இல் எடுத்தார்கள்.

வியட்நாமின் எதிர்காலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பினாங்குக்குப் போகலாம். பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கி இன்டெல் வந்து சேர்ந்தது 1972-இல். இன்று உலகின் சிப் சோதனை, பேக்கிங் வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவுடையது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் மலேசியா உயர்வருமான நாடு என்ற கோட்டை இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை. படித்த பொறியாளர்கள் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள்.

உருக்கு இங்கே

இந்தோனேசியாவின் வழி கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியானது. தாதுவை அப்படியே விற்காதே. உருக்கி, உலோகமாக்கி, பேட்டரியாக்கி விற்றுக்கொள். அவர்கள் மொழியில் 'ஹிலிரிசாசி'. 2014-இல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடைசெய்தார்கள், 2017-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் மறுபடி பூட்டு. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2022-இல் ஜெயித்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக் குழுதான் 2019 முதல் செயல்படவில்லையே! வழக்கு அந்தரத்தில் தொங்க, உலைகள் எரிகின்றன. காலனி ஆட்சியில் மூலப்பொருளாகவே சுரண்டப்பட்ட நாட்டுக்காரனுக்கு இந்தச் சாமர்த்தியம் இனிக்கத்தான் செய்யும்.

பலனும் வந்தது. உலக நிக்கலில் பாதிக்கு மேல் இன்று அங்கிருந்து வருகிறது. விலை சரிந்து, 2024-இல் பி.எச்.பி. என்ற பெரிய சுரங்கக் கம்பெனி தன் ஆஸ்திரேலிய நிக்கல் தொழிலையே நிறுத்திவைத்தது. ஆனால் சுலவேசித் தீவின் மொரோவாலி, ஹல்மஹேராத் தீவின் வேடா பே வளாகங்களில் உலைகளின் பெரும்பங்கு சீனக் கம்பெனிகளுடையது. வரிவிடுமுறை உண்டு, தாது மலிவு. உலைக்கு மின்சாரம், அதற்கென்றே கட்டிய நிலக்கரி நிலையங்களிலிருந்து. மின்சார காருக்கான 'பசுமை' உலோகம் நிலக்கரிப் புகையில் உருகுகிறது. 2023 டிசம்பரில் மொரோவாலி உலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். இதற்கிடையில் சீனாவில் விற்கும் மின்சார கார்களில் பெரும்பாலானவை நிக்கலே இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிட்டன.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. உலைக்குப் பணம்தான் நிறைய வேண்டும், ஆள் கொஞ்சம் போதும். நாட்டின் பார்வை சுலவேசியில் இருக்க, ஜாவாவில் நிறையப் பேருக்கு வேலை தரக்கூடிய தொழில்கள் கரைந்தன. சோலோ பக்கத்தில் ஸ்ரீடெக்ஸ் என்ற பெரிய துணி ஆலை 2024-இல் திவாலாகி, 2025 மார்ச் 1-இல் மூடியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வெளியே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டு வருமானத்தில் கால் பங்குக்கு மேல் இருந்த உற்பத்தித் தொழில், இப்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

வேடிக்கை என்னவென்றால், மண்ணுக்கடியில் வந்த பணத்தை நல்லபடி செலவழிப்பது எப்படி என்று இந்தோனேசியாவுக்கு ஏற்கெனவே தெரியும். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது, 1973 முதல் ஆறே ஆண்டில் 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைக் கட்டினார்கள். அந்தப் பள்ளிகளில் படித்தவர்களின் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து காட்டிய எஸ்தர் டுஃப்லோ பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார். உரத்துக்கும் பாசனத்துக்கும் போட்ட பணத்தில் 1980-களின் நடுவில் அரிசித் தன்னிறைவு வந்தது. அப்போதைய அதிபர் சுஹார்த்தோவின் குடும்பம் கொள்ளையடித்தது உண்மை; அந்த எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதி ஜாவாவின் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்மை. நிக்கல் பணத்துக்கு அப்படி ஒரு விலாசம் இதுவரை கண்ணில் படவில்லை.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் வியட்நாம் வழியைத்தான் சொல்வேன், சாம்சங்குக்காக அல்ல, 1988-க்காக. தன் ஓட்டையை அடைக்கவும் அந்த நாடு முயல்கிறது. வின்ஃபாஸ்ட் கார் அந்த முயற்சிதான்: உள்ளூர்ப் பெயர், உள்ளூர் முதலாளி, இதுவரை நஷ்டக் கணக்கு. 2025 ஆகஸ்ட்டில் அதன் தொழிற்சாலை தூத்துக்குடியில் திறந்தது. கொரியாக்காரனின் பாகங்களைப் பூட்டித் தொழில் பழகிய நாட்டிலிருந்து பாகங்கள் கப்பலேறி வருகின்றன. நம் பிள்ளைகள் பூட்டுகிறார்கள்.