கடலோரப் பழைய விடுதியில் ரூம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடலை ஒட்டிய பழங்காலக் கட்டடம், கனத்த மரக்கதவு, உயரமான கூரை என்று படம் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு விடுதியில் அம்மாவோடு ஒரு ராத்திரி தங்கினேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். விடியும் முன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாகிவிட்டது. வயதானவர்களையோ குழந்தைகளையோ இப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

ரூமைத் திறந்ததும் ரூம் ஸ்ப்ரே வாசனை மூக்கைத் துளைத்தது. அது அடங்கியதும் பூஞ்சை வாடை மேலே வந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். அதன் மேலேயே புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி நின்றது. ஒன்றை விரலால் தொட்டேன். பட்டென்று உடைந்து, வெள்ளை மாவு போல உப்பு பொலபொலவென்று தலையணையில் கொட்டியது. அம்மாவுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. படுத்த கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கி, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கீழே போய் வேறு ரூம் கேட்டேன். "பழைய கட்டடம் சார், அப்படித்தான் இருக்கும். கடல் காத்துக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் மேசையில் இருந்தவர். எனக்கு ஆத்திரம் வந்தது இந்தப் பதிலில்தான். ஏனென்றால் அது உண்மையில்லை.

அந்தக் காலக் கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை இழுத்தாலும் திரும்ப வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, காற்று புகாத பெயிண்டையும் அடித்தால் ஈரம் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடலோரத்தில் கூடவே உப்பும் சேர்கிறது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசியும். காய்ந்தால் படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். மழையே இல்லாத நாளிலும் சுவர் நனைந்திருப்பது இதனால்தான். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசி, ஜன்னலைத் திறந்து காயவிட்டால் நன்றாகவே இருக்கும். அக்கறையாகப் பராமரிக்கிற பழைய வீடுகள் கடலோரத்தில் எத்தனையோ நிற்கின்றன. இங்கே அந்த வேலையைச் செய்யாமல் பெயிண்டால் மூடிவிட்டு, பழியைக் கட்டடத்தின் வயசு மேல் போடுகிறார்கள்.

'கடல் பார்த்த ரூம்' என்றதும் பொய். ஜன்னலுக்கு நேரே ஜெனரேட்டர்தான் இருந்தது. சரி, அதைக்கூட விட்டுவிடலாம்.

விட முடியாதது குளியலறை. சிலிண்டரில் ஓடும் கேஸ் ஹீட்டரை உள்ளேயே மாட்டியிருந்தார்கள். புகை வெளியே போகக் குழாய் கிடையாது. இருந்த ஒரே ஜன்னலும் கீல் துருப்பிடித்து அசையவே இல்லை. அப்படி அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், அப்புறம் மயக்கம்; கதவைத் தாழிட்டுக் குளிப்பவர் விழுந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. உயிர் போகிற விஷயம் இது. நாங்கள் ஹீட்டரைப் பற்றவைக்கவே இல்லை. இதைச் சொன்னபோதும், "எல்லாரும் அதிலேதான் சார் குளிக்கிறாங்க" என்றுதான் பதில் வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பாதியில் கிளம்பினால் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

பழைய விடுதிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பணம் கட்டும் முன், கட்டில் ஓரத்துச் சுவரின் அடிப்பக்கத்தை அன்றைக்கே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெந்நீர் எதில் வருகிறது, ஹீட்டர் எங்கே இருக்கிறது, குளியலறை ஜன்னல் திறக்குமா என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த இடமே வேண்டாம். முடிந்தவரை ரூமைப் பார்த்த பிறகே மீதிப் பணம் தருவதாகப் பேசுங்கள். உள்ளே போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். நேரம் அதிலேயே பதிவாகிவிடும்.

நான் எடுத்த படங்களோடு விடுதிக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. கார்டில் கட்டிய பணம் என்பதால் வங்கியிலும் முறையிட்டிருக்கிறேன். ஹீட்டர் பற்றிய புகாரைத் தனியாக எழுதி, தீயணைப்புத் துறைக்கு அனுப்பப் போகிறேன்.