டிஸ்க் பிரேக் லேசாக உரசினால் சரியா? பழைய காரை வைத்திருப்பவனின் அனுபவம்

சிங்கப்பூரில் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும், பத்து வயது தாண்டிய ஜப்பானிய செடான் என்னுடையது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டை (டிஸ்க்) இரண்டு பக்கமும் பேட் என்னும் உராய்வுக் கட்டைகள் கவ்வி நிறுத்தும் பிரேக். இந்த வயது வண்டிக்கு வருடா வருடம் சோதனை உண்டு என்பதால் பிரேக் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் கண். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பேன். காசு செலவில்லாத சோதனை, ஆனால் இவ்வளவு காலத்தில் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

சுற்றும்போது 'சர்... சர்...' என்று மெல்லிய சத்தம் வந்தால் பதற வேண்டாம். டிரம் பிரேக்கில் இருப்பது போல ஷூவை (அதன் உராய்வுக் கட்டையை) இழுத்துப் பிடிக்கும் வலுவான ஸ்பிரிங் இதில் இல்லை. பிரேக்கை மிதிக்கும்போது, பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சற்றே வளைகிறது. காலை எடுத்ததும் அது நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். பேட் டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். புதுப் பேட் போட்ட முதல் சில நாள் உரசல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். இரவு மழையில் நின்ற வண்டியில் காலையில் வரும் கரகரப்பு வேறு சங்கதி. அது டிஸ்க்கில் படிந்த மேல்துரு, நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

சோதிக்கும் முறை இது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்க, பிரேக்கைச் சிலமுறை அழுத்தி மிதித்து விட்டபின் சுற்ற வேண்டும். ஒரு கையால் சுழன்று, கொஞ்சம் ஓடி நின்றால் நல்லது. இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் கோளாறு. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் டிஸ்க் நேராக ஓடவில்லை என்று சந்தேகிக்கலாம். முன்சக்கரத்தைப் பின்சக்கரத்தோடு ஒப்பிடக் கூடாது. முன்பக்க இழுவை வண்டியில் கியர்பாக்ஸின் இழுப்பும் கையில் தெரியும். இடதை வலதோடுதான் ஒப்பிட வேண்டும். சில ஜப்பானிய சர்வீஸ் கையேடுகள் ஸ்பிரிங் தராசை வீல் போல்ட்டில் மாட்டி, பேடோடும் பேடில்லாமலும் இழுத்துப் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. பட்டறையில் அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை?

ஒருமுறை தீவு விரைவுச்சாலையில் வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்தது. ஒரு பட்டறையில் பார்த்தவுடனேயே இரண்டு கேலிப்பரையும் (பேடையும் பிஸ்டனையும் தாங்கும் கவ்வி) மாற்றச் சொன்னார்கள். நான் காக்கி புக்கிட்டில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "பிளீட் ஸ்க்ரூவக் கொஞ்சம் லூஸ் பண்றேன் தம்பி, சக்கரம் லேசாயிட்டா ஹோஸ் அடைப்பு, இல்லன்னா பின்னு" என்றார். பிளீட் ஸ்க்ரூ என்பது பிரேக் ஆயிலை வெளியேற்றும் திருகு, ஹோஸ் அந்த ஆயில் வரும் குழாய். ஆயில் கசிந்தது, சக்கரம் இளகவில்லை. கழற்றினால், கேலிப்பர் நகர வழிவிடும் கீழ் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட நன்றாகவே தேய்ந்திருந்தது. பிஸ்டன் கையோடு உள்ளே போனதால் கேலிப்பருக்குக் குறையில்லை. பின்னைச் சுத்தம் செய்து, புது ரப்பர் உறையும் சிலிக்கான் கிரீஸும் போட்டு, பேடை மாற்றினார். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பரை உப்பவைத்து மறுபடியும் பின்னைப் பிடிக்கவைக்கும்.

அதற்குப்பின் ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன். அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி வந்து நிறுத்தி, இடது வலது இரண்டையும் அளப்பேன். பளபளக்கும் டிஸ்க் பரப்பைக் குறிவைத்தால் எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும். துருப்பிடித்த நடுப்பகுதியைத்தான் அளக்கிறேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நிம்மதி. கருவி நன்று, ஆனால் கையால் சுற்றுவதற்கு மாற்றல்ல.

எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள புது வண்டிக்காரர்கள் பின்சக்கரத்தைத் தொடுமுன் அதைச் சர்வீஸ் மோடுக்கு (மோட்டார் தன் பிடியைத் தளர்த்தும் நிலை) மாற்றச் சொல்லுங்கள். பிஸ்டனை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளினால் மோட்டார் பொறிமுறை உடையும், அந்தப் பில் என் பின்னைவிடப் பல மடங்கு.