தரையில இல்லாத எல்லைக்கோட்டைத் தேடி: நெவாடாவுல விஎஃப்ஆர் பறக்க லிட்டில் நேவ்மேப் எப்படி?

சிமுலேட்டர்ல ஜன்னல் வழியா மலையையும் ரோட்டையும் பார்த்துக்கிட்டே வழி கண்டுபிடிச்சு, அதாவது விஎஃப்ஆர் முறையில, பறக்குறவங்களுக்கு அமெரிக்காவோட நெவாடா பாலைவனம் ஒரு பொக்கிஷம்ங்க. நிஜத்துல நம்மள மாதிரி ஆளுங்க கிட்டயே போக முடியாத ரன்வேங்க, க்ரூம் லேக் (ஏரியா 51-ன்னு சொல்வாங்களே, அந்த ரகசிய பேஸ்), டோனோபா டெஸ்ட் ரேஞ்ச், டெஸர்ட் ராக் எல்லாமே அங்க ரெஸ்ட்ரிக்டட் ஏர்ஸ்பேஸுக்குள்ளயோ, அதாவது அனுமதி இல்லாம நுழையக் கூடாத வான்பகுதிக்குள்ளயோ, அதை ஒட்டியோ தான் இருக்கு. ரெண்டு மாசமா நான் இங்க மட்டும் தான் பறந்துட்டு இருக்கேன், அதுக்கு கூடவே துணையா ஓடுறது லிட்டில் நேவ்மேப்ங்குற மேப் சாஃப்ட்வேர், அதைப் பத்தி தான் இந்த ரிவ்யூ.

இது ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், ப்ரீபேர்3டி எதோட வேணும்னாலும் கனெக்ட் பண்ணிக்கலாம். பிளைட் பிளான் போடலாம், பறக்கும்போது நம்ம பிளேன் எங்க இருக்குன்னு மேப்ல பார்க்கலாம். ஆனா என்னைக் கேட்டா இதோட அருமை பறக்குறதுக்கு முன்னாடியும் பறந்து முடிச்ச பின்னாடியும் தான் தெரியும்.

முதல் தடவை நான் என்ன பண்ணேன்னா, ஜிபிஎஸ்ல க்ரூம் லேக்கோட ஏர்போர்ட் கோட் எழுத்து கேஎக்ஸ்டிஏ போட்டு டைரக்ட் அடிச்சு நேரா போய் இறங்கிட்டேன். யாரும் தடுக்கல, ரேடியோவுல ஒரு சத்தம் இல்ல, எந்த ஃபைட்டரும் பின்னாடி வரல. இறங்கி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பார்த்தா மனசுல ஒண்ணுமே நிக்கல, வேற எந்த ஏர்போர்ட்லயோ இறங்குன மாதிரி தான் இருந்துச்சு. அப்புறம் தான் லிட்டில் நேவ்மேப்ல ஏர்ஸ்பேஸ் பட்டனை ஆன் பண்ணி ரெஸ்ட்ரிக்டட் மட்டும் தெரியுற மாதிரி வெச்சேன். மேப்பே மாறிப் போச்சு. க்ரூம் லேக்கை சுத்தி ஆர்-4808என்னு சுமார் 23-க்கு 25 மைல்ல ஒரு பெட்டி, தரையில இருந்து மேல எல்லையே இல்லாம. கீழ தெற்குல ஆர்-4806, வடக்குலயும் மேற்குலயும் இன்னும் பெட்டிகள், கிழக்கால எம்ஓஏ, அதாவது மிலிட்டரி பயிற்சிக்கு ஒதுக்கின வான்பகுதி.

இதுல வித்தியாசம் தெரிஞ்சுக்கணும். எம்ஓஏவுக்குள்ள விஎஃப்ஆர் விமானம் பெர்மிஷன் இல்லாமலே போகலாம், மிலிட்டரி விமானங்க பறக்கும்னு கண்ணை மட்டும் திறந்து வெச்சுக்கணும். ரெஸ்ட்ரிக்டட் அப்பிடி இல்ல, அமெரிக்க விதி 91.133 படி அந்த இடத்தை யூஸ் பண்ற இல்ல கண்ட்ரோல் பண்ற ஏஜென்சி அனுமதி குடுக்காம உள்ள போகக் கூடாது.

அதனால நானே எனக்கு ஒரு ரூல் வெச்சுக்கிட்டேன். எந்த ரன்வேயா இருந்தாலும் முதல் பறப்பு பெட்டியோட கோட்டுக்கு வெளிய மட்டும் தான். அதுல ஒரு தடவை கூட கோட்டைத் தொடாம போய் வந்துட்டா, ரெண்டாவது பறப்புல அனுமதி கிடைச்சதா வெச்சுக்கிட்டு உள்ள போய் இறங்கலாம். பறக்கும்போது மேப்பை மினிமைஸ் பண்ணிடணும், ஜிபிஎஸ் ஆஃப்.

க்ரூம் லேக்குக்கு நான் கிளம்புறது அலமோல இருந்து. நேர்கோட்டுல 30 நாட்டிக்கல் மைல் தான், ஆனா பெட்டியோட கிழக்கு ஓரம் 18 மைல் வாக்குலயே வந்துடும், செஸ்னா 172-ல 100 நாட்ல போனா 11 நிமிஷம். அந்த ஓரம் வடக்கு தெற்கா ஸ்கேல் வெச்சு கிழிச்ச மாதிரி நேரா இருக்கு, கீழ பார்த்தா பள்ளத்தாக்குலயோ மலையிலயோ அப்பிடி ஒரு கோட்டுக்கு அடையாளமே கிடையாது. மேப்ல அவ்வளவு அழுத்தமா இருக்குற கோடு ஜன்னல்ல இல்லவே இல்ல, அதை நம்மளே மலையையும் நேரத்தையும் வெச்சு கண்டுபிடிக்கணும், இதுக்காகத் தான் நான் இங்கயே சுத்திட்டு இருக்கேன்.

வெளிப்பக்க பறப்புக்கு ஹைவே 375 தான் கை குடுக்கும். ஹேன்காக் சம்மிட்ல, அது 5,592 அடி, ரோட்டைப் பிடிச்சு இடது இறக்கைக்குக் கீழ வெச்சுக்கிட்டு 8,500 அடியில ரேச்சல் வரைக்கும் போனா பெட்டி முழுக்க இடது பக்கமே இருக்கும். விஎஃப்ஆர் விதிப்படி மேற்கு பக்கமா போறதால இரட்டைப்படை ஆயிரத்தோட 500, அதான் 8,500. இதுக்கு கீழ இருக்குற ப்ரொஃபைல் விண்டோ ரொம்ப உதவி, வழியில தரை எப்படி ஏறி இறங்குதுன்னு பக்கவாட்டுல வரைஞ்சு காட்டி, ஒவ்வொரு லெக்குக்கும் (வழியோட ஒவ்வொரு துண்டுக்கும்) பாதுகாப்பான உயரத்தை ஆரஞ்சுக் கோடா போட்டுடும். நான் கிளம்புறதுக்கு முன்னாடி அதை ரெண்டு நிமிஷம் உத்துப் பார்த்து மனப்பாடம் பண்ணிடுவேன்.

உள்ள போற பறப்பு வேற மாதிரி. முதல்ல டிக்கபூ பீக், கிட்டத்தட்ட 7,900 அடி. 1995-ல பக்கத்துல இருந்த ஃப்ரீடம் ரிட்ஜும் வைட் சைட்ஸும்ங்குற குன்றுங்க மக்களுக்கு மூடப்பட்ட பின்னாடி, சாதாரண ஆளுங்க ஏறி நின்னு அந்த பேஸைப் பார்க்குறதுக்கு இருக்குற இடம் இதுதான், 26 மைல் தள்ளி. அதை ஒட்டித் தாண்டும்போது தூரத்துல வெள்ளையா காஞ்சு போன க்ரூம் ஏரி தெரியும் பாருங்க, அந்த ஒரு செகண்டுக்காக நான் இதே ரூட்டை எத்தனை தடவை பறந்திருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல. 1955-ல யு-2 உளவு விமானத்தை டெஸ்ட் பண்றதுக்காக தேர்ந்தெடுத்த ஏரி, சிஐஏ அந்த இடத்தோட பேரை வெளிப்படையா ஒத்துக்கிட்டது 2013-ல தான்.

இறங்குறப்போ ஒண்ணு கவனிங்க. ரன்வே 14 லெஃப்ட் 12,000 அடி நீளம், அதுக்குப் பக்கத்துல ஏரிக்குள்ளயே ஓடுற பழைய ரன்வே ஒண்ணு இருக்கு, தூரத்துல இருந்து கண்ணு அதுக்குத் தான் போகும், நான் முதல்ல அதுக்கே லைன் அப் ஆயிட்டேன். லிட்டில் நேவ்மேப்ல ஏர்போர்ட் மேல ரைட் கிளிக் பண்ணி டிராஃபிக் பேட்டர்ன், அதாவது இறங்குறதுக்கு ரன்வேயை சுத்தி வர்ற வழி, வரைஞ்சுக்கலாம், பறக்குறதுக்கு முன்னாடியே அதைப் பார்த்து வெச்சா இந்தத் தப்பு வராது. இன்னொண்ணு, ஏரி 4,462 அடி உயரத்துல இருக்கு, 35 டிகிரி வெயில்ல டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காத்து லேசாகிறதால விமானம் உணர்ற உயரம், 7,900 அடி கிட்ட போயிடும். இவ்வளவு நீள ரன்வேயில டேக் ஆஃப் பிரச்சனை இல்ல, அப்புறம் ஏறுறது தான் கஷ்டம், மிக்ஸ்சரை லீன் பண்ணாம (இஞ்சினுக்குப் போற பெட்ரோலைக் குறைக்காம) வடக்கு பக்கம் 9,380 அடி பால்ட் மவுண்டனை நோக்கித் திரும்பிடாதீங்க.

டெஸர்ட் ராக் பக்கமும் ஒரு தடவை போய்ட்டு வாங்க. அணு ஆயுத சோதனைக்கு வர்றவங்களுக்காக இருந்த ஸ்ட்ரிப், சுமார் 7,500 அடி. அங்கிருந்து வடக்கே ஃப்ரென்ச்மேன் ஃபிளாட் தாண்டி யக்கா ஃபிளாட் மேல போனா கீழ முழுக்க வட்டம் வட்டமா பள்ளம். 1951-ல இருந்து 1992 வரைக்கும் 928 சோதனை, பெரும்பாலும் தரைக்கு அடியில, அதுல மண்ணு உள்வாங்குன தழும்புங்க இது. வடக்கு கோடியில செடான், 1962-ல 104 கிலோடன், 1,280 அடி அகலம். சாட்டிலைட் படத்தை வெச்சு வரையுற சிமுலேட்டர்ல இதெல்லாம் அப்பிடியே தெரியும். அந்த இடத்துல நான் பேசாம பறந்துட்டு வந்துட்டேன், எதுவும் தோணல.

இந்த ஏரியாவுக்குன்னு காசு குடுத்து ஒரு சீனரி பேக்கும் வாங்கினேன், பேர் வேண்டாம், கட்டிடங்க அழகா இருந்துச்சு, ஆனா ரன்வேய சமமாக்குறேன்னு பக்கத்து சரிவை எல்லாம் படிக்கட்டு மாதிரி வெட்டி வெச்சிருந்தாங்க, கண்ணால பார்த்து வழி பிடிக்கிறவனுக்கு மலையோட உருவம் மாறினா என்ன மிச்சம், எடுத்துட்டேன்.

லிட்டில் நேவ்மேப்ல தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம், கூடவே வர்ற நேவிகிராஃப் கம்பெனியோட ஏர்ஸ்பேஸ், ஏர்போர்ட் டேட்டா 2018 ஜனவரியோடது. புதுசு வேணும்னா நேவிகிராஃப் சந்தா கட்டணும். நெவாடாவுல இந்தப் பெட்டிகளுக்கு எனக்கு பழசே போதுமா இருக்கு. அப்புறம் முதல் தடவை திறக்கும்போது ஏகப்பட்ட விண்டோ வரும், மேப், ப்ரொஃபைல், பிளைட் பிளான் மூணை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை மூடிடுங்க. இதுல வெப் சர்வரும் இருக்கு, மேப்பை டேப்லெட்ல ஓட விட்டு, பறக்கும்போது கண்ணுல படாம கவுத்து வெச்சுட்டா போதும்.

இறங்குன பின்னாடி மேப்பைத் திறந்தா நம்ம வந்த வழி கோடா வரைஞ்சிருக்கும். என் முதல் வெளிப்பக்க பறப்புல நல்லா போறதா தான் நினைச்சேன், திறந்து பார்த்தா ரேச்சலுக்கு முன்னாடி காத்து தள்ளி பெட்டியோட மூலைக்குள்ள ரெண்டு மைல் போயிருக்கேன். அஞ்சாவது தடவை தான் சுத்தமா வந்துச்சு. டோனோபா டெஸ்ட் ரேஞ்சுக்கு இப்போ மூணு தடவை ஆச்சு, எஃப்-117 ஸ்டெல்த் விமானம் ரகசியமா இருந்த காலத்துல அது இருந்த இடம், அங்கயும் இன்னும் உள்ள போகல, நேத்து கூட அரை மைல்ல கோட்டைத் தொட்டுட்டேன்.