ஜாலான் புசாரில் மூன்றாம் மாடிக் கண்ணாடிக்கடை

பெயர்ப்பலகை இல்லாத கடை. சிங்கப்பூரின் ஜாலான் புசார் பக்கம் பழைய கடைவீடு ஒன்றில் செங்குத்தான படிகளை ஏறி, மூச்சு வாங்கி நின்றால், கொள்கலனில் ஜப்பானிலிருந்து வந்த பழம்பொருள்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். கடைக்காரச் சீன அங்கிள் முன்பு சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்து விற்றவர். 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்பட்டதும் இங்கே ஏறிவிட்டார். சனி, ஞாயிறு மதியத்துக்குப் பிறகுதான் திறப்பார்.

பொம்மை, தேநீர்க் கிண்ணம் பற்றியெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் போவது வாயால் ஊதிச் செய்த கண்ணாடிக்காக மட்டும். அதற்கு இந்தக் கடையின் பெரிய வசதி, எதையும் குப்புறக் கவிழ்த்துப் பார்க்க விடுவார். அடியில்தானே ஜாதகம் இருக்கிறது! இரும்புக் கோலிலிருந்து உடைத்தெடுத்த தழும்போ, அதைத் தேய்த்து மெருகேற்றிய வட்டமோ தெரிய வேண்டும். இருபுறமும் தையல்போல் கோடு ஓடினால் அச்சில் வார்த்த பொருளாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவேன். பழையது என்றால் அடிவிளிம்பில், நாள்பட்ட எவர்சில்வர் தட்டில் இருப்பதுபோல் மெல்லிய கீறல்கள் இருக்கும்.

தடித்த கண்ணாடிக்குள் இரண்டு மூன்று நிறங்கள் மிதந்தாலே, கண்ணாடிக்குப் பெயர்பெற்ற இத்தாலியத் தீவான ‘முரானோ’வில் செய்தது என்று விலை போட்டுவிடுகிறார்கள், பல இடங்களில். போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகளும் அந்தப் பாணியில் நிறையச் செய்தன. ஒட்டியிருந்த சிறு சீட்டு கழுவக் கழுவ உரிந்துபோக, அவை ஊர் பெயர் தெரியாதவை ஆகிவிட்டன. எனக்கு அதில் லாபம்தான். நீலத்திலிருந்து தேன் நிறத்துக்கு மாறும் ஜாடி ஒன்றை 25 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன்.

இன்னொன்று, மீனவர் வலையில் கட்டும் கண்ணாடி மிதவை. பச்சை உருண்டை, 18 வெள்ளி. ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயின் பழைய புட்டிகளை உருக்கி ஊதியதால் வந்த பச்சை அது. ஊதிய துளையை உருகிய கண்ணாடிப் பொட்டு வைத்து அடைத்திருப்பார்கள். வாங்குமுன் அந்தப் பொட்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று பூச்சாடிகளுக்குப் பெயர்பெற்ற ஆவொமொரியின் ஹொக்குயோ ஆலையும் 1949இல் இத்தகைய மிதவைகள் செய்யத் தொடங்கியதுதான். வலைக்கயிற்றோடு வாசலில் தொங்கவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டு, “திருஷ்டிப் பூசணிக்காயா? அழுகாது, நல்லது” என்றார். அதோடு வீட்டில் என் செலவுகளைப் பற்றிய பேச்சு கொஞ்சம் அடங்கியது.

உள் அலமாரியில் இவாத்தா தோஷிச்சியின் பெயரில் ஒரு ஜாடி, 680 வெள்ளி. 1931இல் சொந்தமாகக் கண்ணாடி ஆலை தொடங்கி, ஜப்பானில் ஊதுகண்ணாடியைக் கலையாக நிமிர்த்தியவர்களில் ஒருவர் அவர். ஜப்பானில் கலைப்பொருள்களை வைக்கும் கிரி மரப்பெட்டியும் அவர் கையெழுத்துடன் இருந்தால் மதிப்பு வேறு. இங்கே பெட்டி இல்லை. பெட்டி இல்லாமல் அந்த விலை அதிகம் என்று சொன்னேன். அங்கிள் காது கேட்காதவர்போல் தூசி தட்டினார்.

இனி என் வயிற்றெரிச்சல். போன மாதம் 60 வெள்ளிக்கு வாங்கிய ஊதா ஜாடி, கடையில் பளிங்குபோல் மின்னியது. வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். உள்ளே வெண்படலம்! கண் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். கண்புரையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? ஆண்டுக்கணக்கில் தண்ணீர் நின்றால் கண்ணாடியிலுள்ள காரம் கசிந்து உள்பரப்பே அரித்துப்போகும். அது அழுக்கல்ல, வினிகரில் ஊறவைத்தாலும் போகாது. நனைத்தால் மறையும், உலர்ந்தால் திரும்ப வரும். யாரோ உள்ளே எண்ணெய் தடவி மறைத்திருக்கிறார்கள். கொள்கலனில் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று அங்கிள் சாதித்தார். 30 வெள்ளி திருப்பித் தந்தார். மீதிக்கு இரண்டு சாக்கே கிண்ணங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிண்ணங்கள் நன்றாகத்தான் இருந்தன, அதுதான் எரிச்சல்.

ரொக்கம் மட்டும். ஒரே ஒரு நாளிதழ்த் தாளில் சுற்றித் தருவார், அதை நம்பி பஸ் ஏறாதீர்கள். பழைய துண்டு கொண்டுபோங்கள். டிஷ்யூவும் வைத்திருங்கள். ஜாடிக்குள் விட்டு நன்றாகத் துடைத்து, டிஷ்யூவைப் பாருங்கள். அங்கிள் முறைப்பார், தடுக்க மாட்டார்.