எங்க தெரு அண்ணாச்சி கடை: எனக்கு 4 ஸ்டார், பக்கத்து போர்ஷன் அக்காவுக்கு?

சென்னை வியாசர்பாடிக்கு குடி வந்து ஆறு வருஷமா இந்த ஒரே கடைதான். பேரு வேணாம், அண்ணாச்சி கோச்சுப்பாரு. காலைல பால் பாக்கெட் வரும்போது ஷட்டர் தூக்குனா ராத்திரி பத்தரை வரைக்கும் ஆள் இருக்கும். சரக்கு சுத்தம், ஒரு தடவ ரவைல வண்டு இருந்துச்சுனு திருப்பி எடுத்துட்டு போனேன், மூஞ்ச சுளிக்காம மாத்திக் குடுத்தாரு. சில்லறைக்கு பதிலா மிட்டாய் தர்ற பழக்கம் ஜிபே வந்தப்புறம் கொறஞ்சிருக்கு.

என்னோட பிரச்சனை வேற. நான் மாசம் பொறந்ததும் லிஸ்ட் போட்டு வாங்கறவன், துவரம்பருப்பு கிலோ 140. பக்கத்து போர்ஷன் அக்கா மூணு வீட்ல பாத்திரம் தேய்க்கறாங்க, அவங்க வீட்டுக்காரருக்கு பெயிண்ட் வேலை, அன்னன்னிக்கு கூலி வந்தாதான் சாமான். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து "அண்ணாச்சி 20 ரூவாக்கு பருப்பு, 10 ரூவாக்கு தேங்கா பத்தை, ரெண்டு முட்டை"ம்பாங்க. அவரு பேப்பர சுருட்டி தராசுல வெச்சப்போ எட்டிப் பார்த்தேன், 120 கிராம். கணக்கு போட்டா கிலோ 166 ரூவா கிட்ட வருது! அதே மூட்டை, அதே பருப்பு.

கேட்டுட்டேன். "பொட்டலம் மடிக்கற நேரம், சிந்தறது, நோட்டுல நிக்கற காசு, இதெல்லாம் யாரு தலைல போடறது தம்பி"ன்னாரு. அதுலயும் நியாயம் இருக்கு, அக்கா பேர்ல நோட்டுல ரெண்டு பக்கம் பாக்கி, வட்டி ஒரு பைசா கிடையாது, எந்த சூப்பர் மார்க்கெட் இப்படி குடுக்கும்?

ரேஷன் இல்லயானு கேப்பீங்க. இருக்கு, அரிசி இலவசம், பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அது இல்லாட்டி நெலம இன்னும் மோசம். ஆனா கார்டுக்கு ஒரு கிலோ பருப்புதான், நாலு பேர் வீட்ல பாதி மாசம் தாண்டறதே கஷ்டம்.

ஷாம்பூ மட்டும் உல்டா. பாட்டில விட ஒரு ரூவா பாக்கெட்தான் கணக்குப்படி லாபம், கடலூர் சின்னி கிருஷ்ணன் கெளப்பி விட்ட பாக்கெட் ஐடியா, அதுல பாட்டில் வாங்கற நான்தான் ஏமாந்த ஆளு.

மத்திய அரசு எடுத்த 2023-24 வீட்டுச் செலவு சர்வேல நகரத்து வீட்டுச் செலவுல சாப்பாட்டுக்கு சராசரியா 40% கிட்ட போகுதுனு வந்துச்சு. சராசரினா நானும் அதுல இருக்கேன், ஏசி வெச்ச வீடும் இருக்கு. அக்கா வீட்ல வாடகை போக மிச்சம் முக்காவாசி வயித்துக்குத்தான். தேங்கா வெல ஏறுனப்போ நான் சட்னி அரைக்கறத வாரத்துக்கு ரெண்டு நாளா கொறச்சேன், அவங்க பத்தையே வாங்கல, புளிக்கொழம்புதான்.

அக்காகிட்ட எத்தன ஸ்டார்னு கேட்டேன். "இவரு கடைய மூடுனா அன்னிக்கு எங்க வீட்ல ஒல வைக்க முடியாது தம்பி"ன்னாங்க, அத எப்படி ஸ்டார்ல போடறதுனு தெரியல. நான் 4 போட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மூடியிருக்கும், முட்டை சாயங்காலத்துக்குள்ள தீந்துடும், முன்னாடியே போங்க.